ஏழாவது நொடி

தூக்கிப் போட்ட பதிவுகளை யாரும் திரும்ப எடுத்துக் கேட்பதில்லை. அரங்குகளில் ஒலி அளக்கிறவர்களுக்கு அது குப்பை. அளக்கும்போது யாராவது இருமினாலோ, வெளியே லாரி போனாலோ, கூரையில் மழை பலத்தாலோ, ‘வெளிச்சத்தம், மறுபடி’ என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள். தொகானோ ரிட்சுகோவும் பதினாறு வருஷமாக அப்படித்தான் செய்து வந்தாள். அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கருவிகளை எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, சோற்று உருண்டையையும் தின்று முடித்துவிட்டு, செய்ய வேறு வேலை இல்லாத ஒரே காரணத்தால், அந்த வாரம் தூக்கிப் போட்ட பதினான்கு பதிவுகளையும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

அளக்கும் ஒலி ஒரு நிமிஷம் ஓடும். காதில் விழாமல் நெஞ்சில் மட்டும் தட்டுப்படுகிற அடிமுழக்கத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, கொசுவின் ரீங்காரத்தையும் தாண்டிப் போய் முடியும். முதல் பதிவில் ஏழாவது நொடியில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ஆமாம், இதற்காகத்தான் இதைத் தூக்கிப் போட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது பதிவிலும் ஏழாவது நொடியில் ‘டிக்’. மூன்றாவதில் இருமல். நான்காவதில் மறுபடி ஏழாவது நொடி. பதினான்கையும் கேட்டு முடித்தபோது பதினொன்றில் அந்தச் சத்தம் இருந்தது, பதினொன்றிலும் அதே நொடியில்.

லாரி இப்படிக் கடிகாரம் பார்த்துக்கொண்டு வராது. இருமலும் வராது. அளக்கும் ஒலி ஒரு குறிப்பிட்ட முழக்கத்தைத் தொடுகிறபோதெல்லாம் இந்த அரங்கில் ஏதோ ஒன்று கழன்று ஆடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

நோட்டைப் புரட்டினாள். ஒலிவாங்கியை எந்த வரிசையில் வைத்து அந்தப் பதிவுகளை எடுத்தார்கள் என்று அதில் இருந்தது. பதினேழாம் வரிசையிலிருந்து இருபத்திரண்டாம் வரிசைக்குள்தான் அத்தனையும். மற்ற இடங்களில் எடுத்த பதிவுகள் சுத்தமாக இருந்தன. அந்த வரிசைகளுக்கு நேர் மேலே இருப்பது கம்பிகளில் தொங்குகிற மேற்கூரைப் பலகை. அதைக் கனமாக்கச் சொன்னவளே ரிட்சுகோதான்.

நாற்பத்தோரு வருஷத்து அரங்கு அது. ஊர் இசைக்குழுவினர் வெகுகாலமாக ஒரே புகார்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: தாழ்ந்த சுரங்கள் எடுபடுவதில்லை, செல்லோ வாசித்தால் பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. ரிட்சுகோ வந்து அளந்து, கணக்குப் போட்டு, காரணத்தைக் கண்டுபிடித்தாள். மேலே இருந்த பலகை மெலிசு. முழக்கம் வந்து மோதினால் பலகை சேர்ந்து ஆடி அதை விழுங்கிவிடுகிறது. இன்னொரு அடுக்குப் பலகை அறைந்தால் தீரும் என்று எழுதிக் கொடுத்தாள். அறைந்தார்கள். ஒன்பது டன் கூடியது. பழைய தொங்கு கம்பிகளும் கொக்கிகளும் தாங்குமா என்று அவள் கேட்டதற்கு, பார்த்தாகிவிட்டது, தாங்கும் என்று கட்டடக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு செல்லோ அருமையாகக் கேட்டது.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைசி அளவு. ஆள் நிறைந்த அளவு. காலி அரங்கில் எத்தனை அளந்தாலும், ஆயிரத்து இருநூறு உடம்பும் உடுப்பும் உள்ளே வந்து உட்கார்ந்தபின் அரங்கின் குரலே மாறிவிடும். அதனால் ஊர்க்காரர்களுக்கு இலவசச் சீட்டுக் கொடுத்து வரவழைத்து, ஐந்து நிமிஷம் அசையாமல் உட்காரச் சொல்லி அளந்துவிட்டு, அதற்குக் கூலியாக ஒரு கச்சேரி வைப்பார்கள். மக்களும் குஷியாக வருவார்கள். பதினொன்றரைக்கே குடைகள் வாசலைத் தாண்டி வாகன நிறுத்தம் வரை வரிசையாக நின்றன.

ரிட்சுகோ மேடைக்கு ஓடினாள். அவளுடைய முதலாளி ஹசெபே முழக்கப் பெட்டிகள் என்கிற இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் மண்டியிட்டு ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார். அறுபது வயது. அமைதியைக் கட்டிக்கொண்டு வாழ்கிற மனிதர். அளக்கும்போது வயிறு இரைந்துவிடுமே என்று காலையில் சாப்பிடாமல் வருவார். மற்றவர்களும் அப்படி வந்தால் சந்தோஷப்படுவார்.

“தூக்கிப் போட்டதப் போய் எதுக்கு நீ கேட்ட?” என்றார் எடுத்த எடுப்பில்.

“சும்மாதான் கேட்டேன். பதினாலுல பதினொண்ணு ஒரே நொடி, ஹசெபே-சான். எல்லாம் பதினேழுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவுல.”

“விளக்குக் கூடா இருக்கும். மேல எழுபது விளக்கு தொங்குது. ஏதோ ஒண்ணுல திருகாணி லூஸ். எந்த அரங்குலதான் இது இல்ல?”

“விளக்கா இல்லேன்னா?”

“இல்லேன்னா என்ன?”

மேற்கூரை என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டால் ஆயிரத்து இருநூறு பேரையும் மழையில் திருப்பி அனுப்ப வேண்டும். விருந்தினராக வரும் நகரத் தலைவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்புறம் மேலே போய்ப் பார்த்து அது வெறும் விளக்குத் திருகாணி என்று தெரிந்தால், இந்தச் சின்னத் தொழிலில் அவள் பெயர் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். பயம் இரண்டு பக்கமும் இழுத்தது. அவள் சின்னப் பயத்தின் பக்கம் சாய்ந்தாள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சாய்வோம்.

“சத்தத்தையாவது கொறச்சு ஓட்டலாமா?” என்றாள்.

“கொறச்சா? ஆயிரத்து இருநூறு பேர் மூச்சு விடுற சத்தத்துக்கு மேல போகணும்மா. இன்னிக்கு எப்பவும் ஓட்டுறத விட நாலு மடங்கு. அதுக்குத்தானே இந்த ரெண்டு ராட்சசனையும் தூக்கிட்டு வந்திருக்கேன்.” பெட்டியைத் தட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. ஏறிப்போய் அந்த விளக்கத் தேடி முறுக்கிட்டு வா. எனக்கும் அளவு சுத்தமா வரும், உனக்கும் சந்தேகம் தீரும்.”

ஹெல்மெட்டும் இடுப்பு வாரும் கொடுத்தவர் மேடைப் பொறுப்பாளர் இகராஷி. அந்த அரங்கிலேயே முப்பது வருஷம் கிடந்தவர். பூட்டுச்சாவியிலிருந்து பூனைக்குட்டிவரை எல்லாம் அவர் பொறுப்பு.

“ஸ்பானரக் கயித்துல கட்டி இடுப்புல மாட்டிக்கோங்க, தொகானோ-சான். கீழ விட்டீங்கன்னா யார் மண்டையாவது போயிரும். கைபேசிய இந்தப் பெட்டில போடுங்க.”

“எனக்குமா?”

“அளவு நாள்ல உள்ள ஒரு கைபேசி இருக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினதே நீங்கதானே? சட்டம் போட்டவங்களே மீறினா எப்படி?”

போடுவதற்கு முன் அவள் தங்கைக்கு ஒரு போன் செய்தாள். மயுகோ அந்த ஊரில்தான் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். பத்தொன்பதாம் வரிசை நடு இருக்கையை அவளுக்குக் கொடுத்ததும் ரிட்சுகோதான். அரங்கிலேயே செல்லோ மிக அழகாகக் கேட்கிற இருக்கை அது என்று பீற்றிக்கொண்டு கொடுத்திருந்தாள்.

“மயு, நீ இன்னிக்கு வரவேணாம்.”

“ஏன்? நான் லைன்ல நின்னுக்கிட்டிருக்கேன் அக்கா. ஒரு மணி நேரமா. ஷூ நனைஞ்சு போச்சு.”

“மழையா இருக்கே, அதான்.”

“மழைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா ஒனக்கு? புது மஞ்சள் மழைக்கோட்டு போட்டுட்டு வந்திருக்கேன், மொதத் தடவ. ஒரு பாட்டி என்னப் பாத்து வாழப்பழம் மாதிரி இருக்கேன்னுட்டாங்க.” சிரித்தாள். “என்ன, அந்த சீட்ட வேற யாருக்காவது குடுத்துட்டியா? நகரத் தலைவருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? அசையாம உக்காரணும், இருமக் கூடாது, மூக்க உறிஞ்சக் கூடாது, அவ்வளவுதானே? இருப்பேன் அக்கா. உன் மானத்தக் காப்பாத்துறேன். வையி.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குற்றத்தோடு ரிட்சுகோ கைபேசியைப் பெட்டியில் போட்டாள்.

அரங்குகளின் மேற்கூரைக்கு மேலே இருக்கும் இருட்டை வந்து உட்காருகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பது நல்லது. காற்றுக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். அவற்றுக்கு இடையில் ஓர் ஆள் அகலத்துக்கு இரும்பு நடைபாதை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். அது கட்டடத்தின் இரும்பு உத்திரங்களிலிருந்து தனியாகத் தொங்குகிறது. பலகை விழுந்தாலும் அது விழாது. அதற்கு ஒரு முழம் கீழேதான் பலகையின் முதுகு. மேலிருந்து பார்த்தால் தளம் மாதிரித் தெரியும். காலை வைத்தால் நேரே இருக்கைகளுக்குப் போய்விடலாம்.

ஏணியிலிருந்து பத்தொன்பதாம் வரிசைக்கு மேலே போய்ச் சேர எட்டு நிமிஷம் ஆயிற்று. குழாய்களுக்கு அடியில் படுத்து ஊர வேண்டியிருந்தது. அங்கிருந்த விளக்குக் கூடுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். முதலாவது இறுக்கமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. லூசான ஒரே ஒரு விளக்கு கிடைத்துவிட்டால் போதும், ஊரிலுள்ள கோயிலுக்கெல்லாம் போய் மணி அடித்து நூறு யென் போடுகிறேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே ஆட்டினாள். கோயில் பக்கமே போகாதவளுக்கு அன்றைக்கு இருந்த பக்தியைப் பார்க்க வேண்டும்!

பன்னிரண்டே முக்காலுக்கு இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் இகராஷியின் குரல் கரகரத்தது. “தொகானோ-சான், மழ வலுத்துருச்சு. வயசானவங்க நிறைய பேர் நனையிறாங்க. பாவம், கதவ இப்பவே தொறந்து விடுறோம். சரிதானே?”

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. “சரி” என்றாள்.

விளக்கைச் சுற்றியிருந்த இடுக்குகள் வழியே கூட்டத்தின் இரைச்சல் ஏறி வந்தது. குடைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறைகளின் சரசரப்பு. யாரோ யாருக்கோ இடம் பிடித்துக் கூப்பிடுகிற குரல். இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதாம் வரிசையின் நடுவில், மடியில் மடித்து வைத்த மஞ்சள் மழைக்கோட்டோடு மயுகோ உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு மறுபடி கரகரப்பு. “எல்லாரும் கேளுங்க, இப்ப வாக்கிடாக்கிய எல்லாம் அணைக்கிறோம். தொகானோ-சான், எறங்கிட்டீங்கல்ல?” அப்போது அவள் இருபத்தோராம் வரிசைக்கு மேலே, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கடைசி விளக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். “ம்ம்” என்று முனகினாள். “சரி, பதிலக் காணோம், எறங்கிட்டீங்கன்னு வச்சுக்கிறேன். வாய்ப்பூட்டு போட்டாச்சு” என்று இகராஷி அணைத்துவிட்டார்.

அந்தக் கடைசி விளக்கும் இறுக்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பார்க்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கூரையின் இரும்பிலிருந்து விரல் தடிமன் கம்பிகள் தொங்கும். கம்பிகளில் நீளச் சட்டங்கள், அவற்றுக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள்; பலகையை அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் அறைந்திருப்பார்கள். நீளச் சட்டத்தையும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகட்டுக் கொக்கி. அதை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி மாட்ட வேண்டும். அப்போதுதான் ஒன்று நழுவினால் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

டார்ச்சை அடித்தாள். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவன் அவசரத்தில், கைக்கு வசதியாக, எல்லாக் கொக்கிகளையும் ஒரே பக்கமாக மாட்டிக்கொண்டே போயிருந்தான். பழைய மெலிசுப் பலகைக்கு அது போதுமாக இருந்தது. இப்போது ஒன்பது டன் கூடியபின் அந்தக் கொக்கிகளின் வாய் பிளந்திருந்தது. வரிசையாக ஏழு. எட்டாவது பாதி கழன்று, விளிம்பில் ஒரு நகத்தளவு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே மயுகோவின் வரிசை.

ரிட்சுகோ வாக்கிடாக்கியை அமுக்கினாள். “இகராஷி-சான்! ஹசெபே-சான்!” வெறும் இரைச்சல்தான் வந்தது. அங்கே ஒருவரும் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் தவறுகிற ஆட்கள் இல்லை. அன்று அவள் அந்த ஒழுங்கைச் சபித்தாள்.

அப்போது காற்றுக் குழாய்களின் உறுமல் தேய்ந்து நின்றது. அளவுக்காகக் குளிர்க்காற்றை நிறுத்திவிட்டார்கள். மணி ஒன்று ஐம்பத்தாறு. ஏணிக்குப் போக எட்டு நிமிஷம். போனாலும் மேடைக்குப் போகும் கதவை உள்ளே பூட்டியிருப்பார்கள். நடுவில் யாரும் நுழைந்து கெடுக்கக் கூடாது என்று அதற்கும் நோட்டீஸ் ஒட்டியது அவள்தான்.

கத்தலாமா? ‘மேலே விழப்போகிறது, ஓடுங்கள்’ என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தால் ஆயிரத்து இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து படிக்கட்டுக்கு ஓடுவார்கள். அதில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பலகை கொல்லாததைப் படிக்கட்டு கொன்றுவிடும்.

கீழே ஹசெபேயின் குரல் மைக்கில் கேட்டது. “அனைவருக்கும் வணக்கம். மழையிலும் வந்ததற்கு மிக்க நன்றி. இன்னும் சற்று நேரத்தில் ஓர் ஒலி கேட்கும். ஒரு நிமிடம் நீடிக்கும். வேறு எந்தச் சத்தம் கேட்டாலும் தயவுசெய்து அசையாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

ஆயிரத்து இருநூறு பேர் மூச்சை அடக்கிய அமைதி மேலே ஏறி வந்தது. அவள் பிடித்திருந்த கைப்பிடிக் குழாய் மெல்லத் துடிக்கத் தொடங்கியது. முழக்கம் தொடங்கிவிட்டது. ஏழாவது நொடிக்கு முன்னால் இதை நிறுத்தியாக வேண்டும். ஹசெபே எதற்கு நிறுத்துவார்? அவருக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

இடுப்பிலிருந்த ஸ்பானரை எடுத்துக் கைப்பிடிக் குழாயில் ஓங்கி அடித்தாள். டங்!

முழக்கம் நின்றது.

“மன்னிக்க வேண்டும்” என்றது கீழே குரல். “வெளிச்சத்தம். மறுபடி.”

அந்த இரண்டு வார்த்தையைப் பதினாறு வருஷம் எழுதியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்ததும் அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை. மறுபடி என்றால் மறுபடிதான். குழாய் திரும்பத் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. டங்! நின்றது. “மன்னிக்க வேண்டும். மறுபடி.” கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பலை. மயுகோ கையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது இடுக்கில் தெரிந்தது. மூன்றாம் முறையும் அடித்தாள். இந்த முறை ஹசெபே மன்னிப்புக் கேட்கவில்லை. மேலே அண்ணாந்து பார்க்கிறார் என்று ரிட்சுகோ ஊகித்தாள். கண்டுபிடித்துவிட்டார். இப்போது யாரையாவது அனுப்புவார் என்று நினைத்தாள்.

குழாய் துடித்தது. நான்காவது தடவை. அடித்தாள். நிற்கவில்லை. மறுபடி அடித்தாள். நிற்கவில்லை. ஒரு தட்டல் விழுந்தால் விழட்டும், மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். ஆறு. ஏழு. டிக்.

ஒரு வாரமாகத் தூக்கிப் போட்ட அதே சத்தத்தை இப்போது முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கேட்டாள். எட்டாவது கொக்கியின் நகத்தளவு விளிம்பு கண்ணெதிரே நழுவியது. பலகையின் முதுகு விரல் அகலத்துக்கு இறங்கி நின்றது. இடுக்கு வழியே வெள்ளைத் தூசி கொட்டிக் கீழே இறங்குவதைப் பார்த்தாள். மயுகோ அண்ணாந்து, தலையில் விழுந்ததைத் தட்டக்கூடத் தட்டாமல், அக்காவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ரிட்சுகோவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. டங் டங் டங் டங் என்று எண்ணிக்கை இல்லாமல், தோள்பட்டை கழல்கிற மாதிரி அடித்தாள். எந்த முழக்கப் பெட்டியும் அந்தக் கூச்சலுக்கு முன் எடுபடாது. முழக்கம் நின்றது.

இகராஷி வழக்கமாக எட்டு நிமிஷம் ஆகிற வழியை நான்கில் கடந்து வந்தார். ஏணியிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தார், ஆனால் கிசுகிசுப்பாக. “உங்களுக்கென்ன மூள கழண்டுருச்சா? கீழ நகரத் தலைவர் உக்காந்திருக்கார். இது என்ன கொல்லன் பட்டறையா? ஹசெபே-சான் முகம் செவந்து...”

அவள் டார்ச்சை அடித்துக் காட்டினாள். இகராஷி எட்டுக் கொக்கியையும் பார்த்தார். ஒன்பதாவதையும் பார்த்தார்.

“அய்யய்யோ” என்றார். “நாந்தானே கதவ முன்னாடியே தொறந்து விட்டேன்.”

“ஓட விட்றாதீங்க. மெதுவா வெளிய அனுப்பச் சொல்லுங்க. அந்த முழக்கப் பெட்டிய மட்டும் ஓட்ட வேணாம்னு சொல்லுங்க.”

“நீங்க?”

“என் தங்கச்சி கீழ இருக்கா. அந்த வரிச காலியாகுற வரைக்கும் நான் இத விட்டு வரமாட்டேன்.”

ஹசெபேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேட்காத காது அவருக்கு. ஆனால் கேட்டுவிட்டால் பதற்றப்படாத மனிதர். சில நிமிஷத்தில் மைக்கில் வந்த குரலில் ஒரு நடுக்கம் இல்லை. “ஒத்துழைப்புக்கு நன்றி. காலி அரங்கின் அளவை இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கிறது. உடைமைகளை இருக்கையிலேயே வைத்துவிட்டு, நடு வரிசைகளில் இருப்பவர்கள் முதலில், பேசாமல், வெளிக்கூடத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே தேநீர் உண்டு.” தேநீர் எதுவும் அங்கே இல்லை.

பேசாமல் எழுந்தார்கள். ஒரு வரிசைக்குப் பின் ஒரு வரிசையாக, கையில் ஒன்றும் இல்லாமல், ஊர்வலம் போகிற மாதிரி போனார்கள். மயுகோ ஷூவை மாட்டிக்கொள்ள நேரம் எடுத்தாள். ரிட்சுகோ பல்லைக் கடித்தாள். ‘போடி, போ, ஷூ இல்லாமல் போ.’ கடைசியில் அந்த மஞ்சள் கோட்டை இருக்கையில் அழகாக விரித்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு மயுகோ போனாள். பதினோரு நிமிஷத்தில் அரங்கு காலி.

ஹசெபே மேலே ஏறி வந்தார். உயரம் என்றால் அவருக்கு ஆகாது. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் மேலே ஏறி யாரும் பார்த்ததில்லை. குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தார். டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“பதினாலுல பதினொண்ணு” என்றார்.

“தூக்கிப் போட்டு எழுதினது நான்தான்” என்றாள் ரிட்சுகோ.

“எழுதச் சொல்லிக் குடுத்தது நான்.” அந்த ஆள் அகலப் பாதையில், கைப்பிடியை விட்டுவிட்டு, அவர் குனிந்து அவளுக்குத் தலை வணங்கினார். “நாலாவது தடவ, அடிச்சது நீதான்னு தெரிஞ்சேதான் ஓட்டினேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே குழாய்கள் உறுமின. கீழே யாரோ ஒரு நல்ல மனிதர், அளவு முடிந்துவிட்டது, ஜனங்கள் புழுக்கத்தில் திரும்பி வருவார்களே என்று குளிர்க்காற்றைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் முதலில் செய்கிற வேலை அது. வேண்டாம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. குழாய்கள் ஒரு தடவை குலுங்கிக் காற்றைத் தள்ளின.

டிக். ஒன்பதாவது கொக்கி. டிக். பத்தாவது. அப்புறம் எண்ண முடியவில்லை. தையல் பிரிகிற மாதிரி வரிசையாகப் பிரிந்துகொண்டே போயிற்று. ஹசெபே அவள் வாரைப் பிடித்தார், அவள் குழாயைப் பிடித்தாள். காலுக்குக் கீழே இருந்த தளம் முழுசாக விலகிப் போயிற்று. சத்தம் பிறகுதான் வந்தது. நடைபாதை தொட்டில் மாதிரி ஆடி ஆடி நின்றது. தூசி அடங்குகிறவரை இருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது, எந்த இடுக்கும் தேவைப்படாமல் கீழே எல்லாம் தெரிந்தது. பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை இருக்கை ஒன்றும் கண்ணில் படவில்லை. உடைந்த பலகைக் குவியல்தான். அதற்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது கோட்டின் கைதான், வெறும் கோட்டின் கைதான் என்று ரிட்சுகோவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் வாயிலிருந்து ஓர் ஓலம் வந்தது. அரங்கு அதை அழகாக வாங்கி, ஒன்றே முக்கால் நொடி வைத்திருந்து, மெல்லத் தேய்த்து அணைத்தது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. வெளிக்கூடத்தில் ஆயிரத்து இருநூறு பேரும் பேயறைந்த மாதிரி கதவைப் பார்த்து நின்றார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மயுகோவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா! என்ன அது, இடி மாதிரி? ஏன் தலையெல்லாம் வெள்ளையா இருக்கு? கிழவி மாதிரி இருக்க.” அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது. கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கவே குரலைத் தாழ்த்தினாள். “சரி விடு. இப்ப யாரும் உள்ள போகக் கூடாதுங்கிறாங்க. என் மழைக்கோட்டு சீட்லயே இருக்கு, நீ எடுத்துட்டு வர்றியா?”

ரிட்சுகோ பிடியைத் தளர்த்தவில்லை.

“புதுசு வாங்கித் தர்றேன்” என்றாள்.

“ஏன்?” என்றாள் மயுகோ. “அதுவே புதுசுதானே?”